புத்தருக்கு மூச்சு முட்டியது

எனக்குக் கோபம் வரும். எல்லோருக்கும் வருவதுதானே என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் வருவது தூறல். எனக்கு வருவது ஐப்பசி அடைமழை. நான் பிறந்தது கம்மாபுரம் பக்கத்தில். வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினால்தான் அந்தக் கோடியில் இருப்பவருக்குச் சோறு வந்த விஷயமே தெரியும். அதனால் என் குரலையோ கோபத்தையோ அங்கே யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. கல்யாணமாகி விருத்தாசலம் வந்த பிறகுதான் சிக்கல். என்னைக் கொடுத்த இடம் பீங்கான் பொம்மை செய்கிற வீடு. (கோவக்காரிய ஒரு பித்தளைப் பாத்திரக் கடையில குடுத்திருக்கலாம். எங்கப்பாவுக்குத் தோணல.)

வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை, அதற்குள் சூளை. பொம்மை, அகல்விளக்கு, ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கேதான் உருவாகும். மாமனார் காலமான பிறகு தொழிலை நடத்தியது என் மாமியார். மண் குழைப்பது முதல் சூளைக்குத் தீ வைப்பது வரை அவர் சொன்னால்தான் நடக்கும். என் கணவர் சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவார். கோபம் என்ற ஒன்றைக் கடவுள் அவருக்கு வைக்கவே மறந்துவிட்டார், அவர் பங்கையும் சேர்த்து எனக்கு வைத்துவிட்டார்.

எனக்கு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காது. கொட்டகையில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும், ஒருநாள் அந்தச் சூளைக்கு நானே தீ வைக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. அத்தையோ, வெந்து வந்த பொம்மைகளுக்கு வர்ணம் பூச மட்டும் விட்டார். அதிலும் ஒருநாள் குழம்பில் உப்பு குறைந்த விவகாரத்தில் நான் பொம்மைத் தட்டைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன். தட்டில் வரிசையாக நின்ற வாத்துகள் அத்தனைக்கும் மூக்கு போனது.

"இத சூளைப் பக்கம் வுடாதடா" என்றார் அத்தை, என்னிடம் இல்லை, என் கணவரிடம். "பொம்மைக்கு ஆவாது. பொம்மையவிட எனக்கு ஆவாது."

அந்த வாரம் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. மூச்சைக் கவனிப்போம், நம்மை அறிவோம் என்று மேலே போட்டு, கீழே ஜங்ஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் முகவரி. என் கணவர் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் படிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். மூக்கில்லாத வாத்துகளை நினைத்துக்கொண்டு பேசாமல் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு எடுத்தவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டையான உருவம், வெள்ளை ஜிப்பா, சர்க்கரைப் பாகு மாதிரி குரல். புத்தர் மூச்சைக் கவனிக்கச் சொன்னதையும், நம் ரிஷிகள் நான் யார் என்று உள்ளே தேடச் சொன்னதையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்வார். ஒன்று கதவு, ஒன்று வீடு, எந்த வழியாக வந்தாலும் உள்ளே இருப்பது நீங்கள்தான் என்பார். கேட்கிறபோது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் தெரியும் சங்கதி. மூக்கு நுனியில் காற்று உரசுவதை மட்டும் கவனி என்றார். உள்ளே போகிற மூச்சில் மாமியார் வந்தார். வெளியே வருகிற மூச்சில் நாத்தனார் வந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. ஒரு சாயங்காலம் ஒருவரும் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது, போனது. அதைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம்தான் அது. ஆனால் அந்த நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நான் ஞானியாகிவிட்டேன்.

"செல்வி, சோறு வடிச்சியா?" என்று அத்தை கேட்டால், "வடிப்பது யார் அத்தை?" என்பேன்.

"நீதான்டி. வேற யாரு இருக்கா வூட்ல?"

"அந்த நான் யார்னுதான் தேடிட்டிருக்கேன்."

"தேடிட்டு வா. அதுக்குள்ள சோறு கொழைஞ்சிடும்" என்று அவரே வடித்துக்கொள்வார். என் கணவர் இதையெல்லாம் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்திய காலமே தேவலாம் என்று அவர் நினைத்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வகுப்பு முடிகிற நாளில் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சின்ன புத்தர் சிலை கொடுக்க வேண்டும் என்று ஐயா ஆசைப்பட்டார். அவர் வாயை மூடுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "எங்க யூனிட்லயே செஞ்சு தரேங்க ஐயா!" அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, செய். யாரும் கை வைக்க மாட்டோம், நீயே செய். ஒழுங்கா வந்துச்சுன்னா நாளைலேர்ந்து நீயும் கொட்டகைக்கு வா, தீ வைக்கிறவரைக்கும் கத்துத் தரேன். வரலன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வூட்டோட கெட."

போதாதா? அன்றே வேலையில் இறங்கினேன். பொம்மை செய்வதைத் தள்ளி நின்று எத்தனையோ முறை பார்த்தவள்தான். சுண்ண அச்சுக்குள் கூழ் மாதிரி கரைத்த களிமண்ணை ஊற்றுவார்கள். ஓரமெல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதும், நடுவில் மிச்சமிருக்கும் கூழை அடிப்பக்கத்து ஓட்டை வழியாகக் கொட்டிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே காலியான பொம்மை. என் புத்தர்களும் அப்படியே வந்தார்கள். கண் மூடி, லேசாகச் சிரித்துக்கொண்டு, பலகை முழுக்க உட்கார்ந்தார்கள். ஒரு புத்தரையும் நான் போட்டு உடைக்கவில்லை. அந்தப் பெருமையில் இன்னும் ஒரு படி ஏறி, இவர்கள் சூளையிலிருந்து வெளியே வரும்வரை யாரிடமும் பேசுவதில்லை என்று மௌன விரதம் எடுத்தேன். (வூட்ல இருந்தவங்களுக்கு அதுதான் தீவாளி.)

சூளை அடுக்குவதற்கு முதல்நாள் ஒரு புத்தரைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வாத்துக்கு இருக்கலாம், நாய்க்குட்டிக்கு இருக்கலாம். சாமிக்கு? பின்னமான சிலை பூசைக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கூழ் கொட்டத்தான் அந்த ஓட்டை, கொட்டியாயிற்று, இனி எதற்கு? இப்படி ஞானம் என் உள்ளே சுடர்விட்டது. வாய் திறந்து யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விரதம்.

கொஞ்சம் களிமண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே போனது, ஒரு புத்தரை அடைத்தேன். மூச்சு வெளியே வந்தது, இன்னொரு புத்தரை அடைத்தேன். அப்படி ஒரு மன ஒருமைப்பாடு எனக்கு வகுப்பில்கூட வாய்த்ததில்லை. ஈரத் துணியால் அடியைத் தடவி, ஓட்டை இருந்த சுவடே தெரியாமல் வழவழப்பாக்கினேன். ஒருமைப்பாடு முற்றிக் கடைசி புத்தரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். என் கணவர் வந்து அதை மெதுவாக எடுத்து மற்றவற்றோடு வைத்துவிட்டு, என்னை எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்.

அத்தை வாசலில் நின்று, "எல்லாத்தையும் பாத்துட்டியா? அடி எல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்டார். நான் கண்ணை மூடி, புத்தர் மாதிரியே சிரித்துத் தலையாட்டினேன். எத்தனை நிறைவான தலையாட்டல்!

மறுநாள் காலையில் புத்தர்களோடு அத்தையின் அகல்விளக்குகளையும் சேர்த்து அடுக்கி, சூளை வாயைச் செங்கல் வைத்து மூடி, தீ வைத்தார்கள். ஐயா தம் சீடர்களோடு வந்துவிட்டார். மண்ணிலிருந்து புத்தர் பிறப்பதை நேரில் தரிசிக்க வேண்டுமாம். கொட்டகை வாசலில் பாயை விரித்து, எல்லோரும் சூளையைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். நான் முதல் வரிசை.

"கண்ணை மூடுங்கள்" என்றார் ஐயா. "வெளியே என்ன சத்தம் வந்தாலும் அது சத்தம் மட்டும்தான். வரும், போகும். நாம் அசையமாட்டோம்."

சூடு ஏறியது. உள்ளே டொப் என்று ஒரு சத்தம்.

"வந்தது... போனது" என்றார் ஐயா.

டொப், டொப்.

"வந்தது... போனது..."

அப்புறம் அவரால் வந்ததைச் சொல்லி முடிக்க முடியவில்லை, அதற்குள் அடுத்தது போய்க்கொண்டிருந்தது. அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்தார். "இன்னாடி வெடிக்குது உள்ள? அடி ஓட்டைய இன்னா பண்ண?"

நான் கண்ணைத் திறந்தேன். விரதம் ஞாபகம் வந்தது. ஒரு கை விரல்களால் வட்டம் போட்டு, மறுகையின் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழகாக மூடிக் காட்டினேன்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடிப் பாவி! உள்ள இருக்கிற காத்தும் ஈரமும் எப்பிடிடி வெளிய போவும்?"

என் பின்னால் ஐயாவின் பாகுக் குரல் கேட்டது. "கலங்காதீர்கள். வெடிப்பது நம் அகங்காரம்."

"அகங்காரம் இல்லீங்க சார்!" என்று கத்தினார் அத்தை. "அது உங்க புத்தருங்க!"

அந்த நேரம் பார்த்து உள்ளே நாலைந்து புத்தர்கள் ஒன்றாக நிர்வாணம் அடைந்தார்கள். சூளை வாயிலிருந்து ஒரு செங்கல் பிய்த்துக்கொண்டு பாயின் முன்னால் வந்து விழுந்தது. நாங்கள் என்னவென்று பார்ப்பதற்குள் ஐயா தெருமுனையில் இருந்தார். அந்த உடம்பில் அத்தனை வேகம் இருந்ததை அவரே அன்றுதான் அறிந்திருப்பார். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது.

எனக்குள் எத்தனையோ நாளாக அடைத்து வைத்திருந்தது அப்போது திறந்துகொண்டது. வரப்பில் நின்று கத்துகிற அந்தக் கம்மாபுரத்துக் குரலில், தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "யோவ்! எங்கய்யா ஓடற? சத்தம் மட்டும்தான்யா! வரும், போவும்! வந்து உக்காருய்யா!"

நான் யார் என்று அவ்வளவு நாள் தேடினேனே, அது அந்த நிமிஷம் ஐயம் திரிபறத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டுமில்லை, தெருவுக்கே.

சூளை ஆறித் திறந்தபோது உள்ளே பார்க்க முடியவில்லை. அகல்விளக்குகளின் மேலெல்லாம் புத்தரின் காதுகள், விரல்கள். ஒரு விளக்கின் குழிக்குள் அந்தப் பாதிச் சிரிப்பு மட்டும் கிடந்தது. அத்தையின் சரக்கும் பாதிக்கு மேல் பாழ். அவர் திட்டியிருந்தால் தேவலாம். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். இனி இந்தக் கொட்டகைப் பக்கமே வர முடியாது என்று நினைத்து நான் மூலையில் நின்று விக்கி விக்கி அழுதேன்.

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"செருப்ப வுட்டுட்டுப் போயிட்டாருடி" என்றார், மூச்சு வாங்க. "நீ போட்ட சத்தத்துல அந்தாளு சிதம்பரம் போயி சேந்திருப்பாரு." சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. இருவரும் சூளை வாசலில் உடைந்த புத்தர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதற்குமுன் அந்த அம்மாள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்ததாக நான் அறியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நாளைலேர்ந்து கொட்டகைக்கு வா. எல்லா பொம்மைக்கும் அடி ஓட்டை பாக்கற வேலை உனக்கு."

"நெசமாவா அத்தை? நான்தான் தோத்துட்டேனே?"

"இந்த ஊர்லயே இனிமே அந்த ஓட்டைய மறக்காதவ நீ ஒருத்திதான். உன்னவிட்டா எனக்கு யாரு கெடைப்பா?"

ஐயா இரண்டு நாள் கழித்துச் செருப்பை எடுத்துப்போக வந்தார். நான் தலை குனிந்து நின்றேன். அவரோ குழந்தை மாதிரி சிரித்தார். "ஓடினேன்மா, ஒத்துக்கறேன். ஆனா நான் ஓடுறத நானே கவனிச்சுக்கிட்டேதான் ஓடினேன்." பெரிய மனுஷர். மறுபடியும் சிலைகள் எங்களிடமே கேட்டார். இந்த முறை ஒவ்வொரு புத்தரின் அடியையும் நான் தொட்டுப் பார்த்து அனுப்பினேன், ஒன்றும் வெடிக்கவில்லை. வருஷங்கள் பல ஓடிவிட்டன, இப்போது சூளைக்குத் தீ வைப்பது நான்தான். காலையில் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்துவிட்டுத்தான் போவேன். கோபமும் வரத்தான் செய்கிறது.

அன்றைய சூளையில் ஒரே ஒரு புத்தர் முழுசாகப் பிழைத்திருந்தார். நான் அடைக்காமல் தூங்கிப்போனேனே, அவர்தான். எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறார். நான் கத்த ஆரம்பித்தால் என் கணவர் பதிலுக்குக் கத்தமாட்டார். எழுந்து போய் அந்தப் புத்தரை எடுத்து, கவிழ்த்து, அடி ஓட்டையை என் முகத்துக்கு நேரே காட்டுவார். எனக்கு ஒரு பெருமூச்சு வரும், கூடவே சிரிப்பும் வரும்.

போன வாரம் கரண்ட் போய், அத்தை பார்த்துக்கொண்டிருந்த சீரியல் முக்கியமான இடத்தில் நின்றுவிட்டது. வயதான காலத்தில் அவருக்கு வந்த கோபம் எனக்கே புதுசு. என் மகள் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஓடிப்போய்ப் புத்தரைக் கவிழ்த்து அவரிடம் நீட்டினாள்.

அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்கிட்ட காட்டாத" என்றார். "அடைச்சவகிட்ட போய்க் காட்டு."