மேகவதி நாட்டுச் சிம்மாசனங்கள்

ராஜா வேஷத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். சேவகன் வேஷத்துக்கு ஆளே இல்லை.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. ஆயுத பூஜைக்கு நாடகம். எழுதியவள் ஆபீஸ் கிளார்க் அனுசியா, அவள் குடும்பத்திலேயே முதல் பி.ஏ. மேகத்துக்கு மேலே மேகவதி என்றொரு நாடு. ராஜா செத்துப்போய், பட்டம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கடைசியில் வாரிசாக ஒரு பெண் வருகிறாள். அந்தப் பெண்ணாக நடிக்கத்தான் அனுசியா இவ்வளவும் எழுதினாள்.

"பொம்பளைக்கிப் பட்டமா? வாரிசு நான்தான்," என்றார் சூப்பர்வைசர் கோதண்டபாணி. "நாங்க ஆண்ட பரம்பரை."

"அப்ப நாங்க வேடிக்க பாத்தமா?" சூளைக்கார ராஜாங்கம் சிலிர்த்துக்கொண்டார். "ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் எங்க கொடிதான் பறந்துச்சி!"

"திட்டக்குடியில எங்களுக்குக் கோட்டையே இருந்துச்சி," என்றார் லாரி டிரைவர் தங்கராசு.

"இப்ப எங்கங்க?" என்றாள் அனுசியா.

"ஏரியில முழுகிடுச்சி."

வேறு வழியில்லை. செத்த ராஜாவின் பட்டத்துக்கு மூன்று ராஜாக்கள் போட்டி என்று கதையைத் திருத்தினாள். யார் முதலில் மேடைக்கு வருவது என்று சண்டை வந்தது. திரை விலகும்போதே மூவரும் உட்கார்ந்திருப்பார்கள் என்று மாற்றினாள். யார் நாற்காலி உயரம் என்று சண்டை வந்தது. கோதண்டபாணி தன் நாற்காலிக்கு ஒரு வரிசை செங்கல் வைத்தார். ராஜாங்கம் இரண்டு வரிசை வைத்தார். தங்கராசு மூன்றாவது வரிசையிலிருந்து விழுந்தார்.

"ஒரே ஒசரத்துல மூணு சிம்மாசனம் வேணும். இல்லன்னா உன் பார்ட்ட வெட்டிடுவேன்," என்றார் கோதண்டபாணி. "பி.ஏ. படிச்சவதான? கண்டுபிடி!"

அனுசியா பேக்கிங் கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இருக்குதுங்க. ஒரே அச்சுல வார்த்தது, நூலு பிசகாது. ஆனா என் பார்ட்டுல ஒரு வரி கொறையக் கூடாது."

"ஒரே அச்சா? அப்ப சரி."

பூஜையன்று திரை விலகியது. பலகையும் மெத்தையும் வைத்து, தரைவரை சிவப்புப் பட்டு போர்த்திய மூன்று சிம்மாசனங்கள். ராஜாக்கள் ஓரக்கண்ணால் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டு மீசையை முறுக்கினார்கள்.

"எங்க வம்சத்துக்குன்னே செஞ்சாப்ல இருக்குது," என்று முணுமுணுத்தார் ராஜாங்கம்.

அனுசியா நடுமேடைக்கு வந்தாள். "இந்தப் பட்டம் என்னுடையது!"

"இவளைப் பிடியுங்கள்!" என்று முழங்கினார் கோதண்டபாணி.

பிடிக்கச் சேவகன் இல்லை. இறங்கினால் மற்ற இருவரும் மேலே போய்விடுவார்களே என்று மூவரும் அசையவில்லை. அனுசியா நடுமேடையில் வைத்திருந்த கிரீடத்தை எடுத்துத் தானே சூடிக்கொண்டாள். பெண்கள் பக்கம் விசில் பறந்தது.

"உனக்குச் சிம்மாசனம் வேண்டாமா, பெண்ணே?" என்று சமாளித்தார் தங்கராசு.

"வேண்டாம். அதில் நீங்களே இருங்கள். நான் நின்றுகொண்டே ஆள்வேன்!"

கைதட்டல் அடங்கியதும், கடைசி வரிசையிலிருந்து பேக்கிங் பெரியநாயகியின் குரல் கணீரென்று வந்தது.

"அனுசியா! காலையில லோடு ஏத்தணும், அவங்கள எறக்கிட்டு அந்த மூணு வெஸ்டர்ன் கக்கூஸையும் சீக்கிரம் குடுத்துடும்மா!"