ஞாயிற்றுக்கிழமை டிம் சம்முக்குக் கடை கேட்ட கொழுந்தனாருக்கு

ஷாம் ஷுய் போ, ஹாங்காங்
செவ்வாய்க்கிழமை, மழை

டொராண்டோவில் வசிக்கும் மதிப்பிற்குரிய கொழுந்தனார் கம்-ஷிங் அவர்களின் சமுகத்துக்கு உங்கள் அண்ணி லாய்-கூன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன். நீங்களும் உங்கள் மனைவி, மகன், மருமகள் எல்லோரும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதற்கு இவ்வளவு மரியாதை என்று யோசிக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்தால் மரியாதையும் கூடவே வரும்.

உங்கள் செய்தி கைப்பேசியில் வந்தது. "அண்ணி, ஞாயித்துக்கிழமை காலையில சம்பந்தியைக் கூட்டிட்டுப் போகணும், ஊர்ல நல்ல டிம் சம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். கீழே ஒரு மஞ்சள் மூஞ்சி நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. பதிலை அதிலேயே எழுதத்தான் பார்த்தேன். கட்டைவிரல் தவறிப் பட்டதில் கோபம் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டது. "நீங்கள் ஒரு" என்பது மட்டும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். அதைப் பாராட்டு என்று நினைத்து நீங்கள் கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினீர்கள். அதனால்தான் தபால். காகிதத்தில் என்றால் முழுசாகத் திட்டலாம்.

முதலில், இந்த ஊரில் பிறந்தவன் எவனாவது டிம் சம் எங்கே கிடைக்கும் என்று கேட்பானா? தேநீர் குடிக்க எங்கே போகலாம் என்றுதான் கேட்பான். கொழுக்கட்டையும் பன்னும் தேநீருக்குத் துணையாக வருகிறவை. துணையைக் கூப்பிட்டு, வீட்டுக்காரரை மறந்துவிட்டீர்கள். ஆனால் என் ஆத்திரம் அதற்கில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கவனித்தீர்களா? அடுத்த மாதம் அந்த ஞாயிறுதான் உங்கள் அண்ணனின் சாம்பல் கலசத்தை மலைமேல் சுவர் மாடத்தில் வைக்கிற நாள். நான் தொலைபேசியில் சொன்னேன். நீங்களும் "சரி அண்ணி" என்றீர்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கலசத்தைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டிய கை உங்களுடையது. அந்தக் கையில் அன்று காலை இறால் கொழுக்கட்டை இருக்குமா, உங்கள் அண்ணன் இருப்பாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு எழுத்து இல்லை. அண்ணன் சாவுக்கு உங்களுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சம்பந்தி ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டதும் கிடைத்துவிட்டது. ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன், இப்போது சொல்கிறேன். சாவுச் சடங்கு நடந்த இடத்தில் நீங்கள் அனுப்பிய மலர் வளையம் பக்கத்து மண்டபத்துக்குப் போய்விட்டது. அங்கே படுத்திருந்த முன்பின் தெரியாத ஒரு பாட்டிக்கு "என் அருமை அண்ணனுக்கு" என்று எழுதிய வளையத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். நான் போய்க் கேட்கவில்லை. அந்தப் பாட்டிக்கு வேறு வளையம் அதிகம் வரவில்லை.

இருந்தாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது முறையில்லை. நல்ல கடை எது என்று போய்ப் பார்த்துவிட்டு, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதிவிடலாம் என்று கிளம்பினேன். தலையில் துக்கத்துக்குக் குத்திய வெள்ளைக் கம்பளிப் பூவோடு முதலில் போனது பெரிய வணிக வளாகத்தில் இருக்கிற கடை. அங்கே ஆள் உட்காரும் முன்னால் ஒரு பெட்டியிடம் எண் வாங்க வேண்டும். எத்தனை பேர் என்று பெட்டி கேட்டது. கை பழக்கத்தில் இரண்டைத் தொட்டுவிட்டது. எண் கூப்பிடும்வரை காத்திருந்து போனால், காதில் கருவி மாட்டிய பெண் ஒருத்தி வாசலை மறித்துக்கொண்டு, "ஆன்ட்டி, எல்லாரும் வந்தாச்சா?" என்றாள்.

"நான் வந்துட்டேன்."

"ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்க. முழுசா வந்தாத்தான் உள்ள விடுவோம்."

"இன்னொருத்தர் வரமாட்டாரு."

"கிளம்பிட்டாரான்னு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

"கிளம்பிட்டாரும்மா. வருஷப் பிறப்புக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு."

"அப்ப வந்திருவாரு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அந்த மகராசி. நான் தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் வந்த குடும்பங்களெல்லாம் முழுசாக உள்ளே போயின. கடைசியில் ஒருவர் என்று புது எண் எடுத்து, முதலிலிருந்து காத்திருந்து உட்கார்ந்தபோது வேகவைத்த மாட்டிறைச்சி உருண்டை தீர்ந்துவிட்டது. முள்ளங்கிக் கேக்கில் முள்ளங்கி இல்லை. இந்தக் கடையை உங்கள் சம்பந்திக்கு மனமாரச் சிபாரிசு செய்கிறேன்.

அடுத்ததாகத் துறைமுகத்தைப் பார்த்தாற்போல் இருக்கிற ஒரு பெரிய விடுதிக்குப் போனேன். கொழுக்கட்டைமேல் தங்கத் தாள் ஒட்டித் தந்தார்கள். அதைச் சுரண்டி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். தேநீர் தீர்ந்ததும், எல்லோரும் செய்வதுபோல வெந்நீர் ஊற்றச் சொல்லிக் கெண்டி மூடியைச் சரித்து வைத்தேன். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் ஓடி வந்தார். பரவாயில்லையே என்று நினைத்தேன். அவர், "மூடி நழுவியிருக்குதும்மா, தூசி விழும்" என்று சரியாக மூடிவிட்டுப் போனார். மறுபடி சரித்தேன். மறுபடி மூடினார். மூன்றாம் முறை நான் கையை எடுப்பதற்குள்ளேயே வந்து மூடிவிட்டு, "எத்தனை தடவை ஆனாலும் நான் பார்த்துக்கிறேன், நீங்க கவலைப்படாம சாப்பிடுங்க" என்றார். தொண்டையில் பன் அடைத்துச் செத்தாலும் அந்த இடத்தில் மரியாதையாகச் சாகலாம். அதுவும் உங்கள் சம்பந்திக்குப் பொருத்தமான இடம்தான்.

மூன்றாவதாகப் போன கடையின் பெயரை நான் எழுத மாட்டேன். உங்கள் அண்ணன் மினி பஸ் ஓட்டிய காலத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் காலையில் போய் உட்காரும் கடை அது. அவர் போன பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன வியாழக்கிழமை போனேன். பரிமாறுகிற பிங் என்னைப் பார்த்தார். எப்போதும் வாசலிலிருந்தே கத்தி வரவேற்கிற மனிதர் அன்று என் பக்கம் நடந்து வந்து பழைய மேசைக்குக் கூட்டிப்போய், நான் கேட்காமலே இரண்டு கிண்ணம், இரண்டு கோப்பை, இரண்டு ஜோடிக் குச்சி வைத்துவிட்டுப் போனார். அதே மேசையின் மறுகோடியில் பத்திரிகையின் குதிரைப் பந்தயப் பக்கத்தைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து ஒரு கிழவி படித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கப்படி கிண்ணங்களை முதல் தேநீரில் கழுவினேன். உங்கள் அண்ணன் கோப்பையில் ஊற்றி, அவர் இடத்தில் வைத்தேன். தாமரை இலையில் மடித்த ஒட்டரிசி வந்தது, அதையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அந்தக் கடையில் காலியாக ஒரு நாற்காலியை விட்டுவைப்பார்களா? சந்தை முடிந்த கூட்டம் வேறு. தோளில் கருவிப் பை தொங்க ஒரு தடித்த ஆள் வந்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். முன்னால் சூடாகத் தேநீர் இருந்தது. இரண்டு விரலை மடக்கி மேசையில் டொக் டொக் என்று தட்டி எனக்கு நன்றி சொன்னார். சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டார்!

"ஐயா, அது உங்களுக்கு ஊத்தினதில்ல!"

"பின்ன யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

"ஓ, கழிப்பறைக்குப் போயிருக்காரா? வந்ததும் எழுந்துக்கிறேன்."

"வரமாட்டாரு. செத்துட்டாரு."

அவர் அப்படியே எழுந்து நின்றார். "தூ! தூ! தூ! ஏம்மா, காலங்கார்த்தால செத்தவரு டீயையா எனக்குக் குடுப்பீங்க? நான் லிஃப்ட் ரிப்பேர்காரன்மா! இன்னிக்கு நாப்பது மாடிக் கட்டடத்துல லிஃப்ட் கூண்டு மேல ஏறி நிக்கணும்!"

கிழவி பத்திரிகையை இறக்கினாள். "எந்தக் கட்டடம்னு சொல்லிட்டுப் போ. நான் இன்னிக்குப் படி ஏறிக்கிறேன்."

பிங் ஓடி வந்தார். "யாரு இங்க கத்துறது? விலை ஏத்தினப்பகூட ஒருத்தரும் இப்படிக் கத்தலையே!"

"இந்தம்மா எனக்குப் பேய் டீ குடுத்துட்டாங்க!"

"நான் குடுக்கல. இவராத்தான் எடுத்துக் குடிச்சாரு."

"யாரு டீ? தோங் அண்ணனோடதா?" என்றார் பிங். "அட போப்பா. அவரு உசிரோட இருக்கையிலேயே பாதிக் கடை அவரு கெண்டியிலதான் குடிச்சுது. எவனுக்கும் ஒண்ணும் ஆகல, வயிறு மட்டும் பெருத்துச்சு."

"குடிச்சது நீதானே, திருப்பி ஊத்து" என்றாள் கிழவி. "மூத்தவருக்குச் சின்னவன் ஊத்தறதுதான். இதுல என்ன அழுகை?"

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார், என் தலையிலிருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தார். கோப்பையை வெந்நீரில் இரண்டு முறை அலசி, தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து, "அண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க. லிஃப்ட் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றார். அப்புறம் அதில் உட்காரப் பயந்து, கிழவியின் முக்காலியில் பாதியை வாங்கிக்கொண்டார். கிழவி அவர் இடுப்பை இடித்து, "என் பாதியையும் நீயே எடுத்துக்கிறியே, தடியா" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கல்லாவில் இருக்கும் பெண் வேறொரு ஆளைக் கூட்டி வந்து, "இங்க ஒரு இடம் காலி, உட்காருங்க" என்று நாற்காலி முதுகில் கை வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்: "ஆள் இருக்கு!"

கடையே திரும்பிப் பார்த்தது. தம்பி, அவர் போனதிலிருந்து வங்கியில், மருத்துவமனையில், மின்சார அலுவலகத்தில் எல்லா இடத்திலும் ஆள் இல்லை, ஆள் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் இருக்கிறார் என்று சொன்னேன். அழுதுகொண்டே கோழிக்கால் தின்றேன். உப்புக்கு அதில் சோயா சாஸ் ஊற்றவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது கேட்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அந்த லிஃப்ட்காரர் யார்? எங்கிருந்தோ வந்தவர். பேய்க்குப் பயந்துகொண்டே உங்கள் அண்ணனுக்குத் தேநீர் ஊற்றினார். கூடப் பிறந்த நீங்கள் கடைசியாக ஊருக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்? மேசை விரிப்பில் கறை இருக்கிறது என்று முகம் சுளித்துக்கொண்டு, தட்டையும் குச்சியையும் படம் பிடித்துக்கொண்டு, வயதில் மூத்தவர் எழுந்து எழுந்து உங்கள் கோப்பையை நிரப்பும்படி விட்டீர்கள். அவரோ, "பாவம், அங்க இந்த மாதிரி டீ எங்க கிடைக்கப்போகுது" என்று வழியெல்லாம் உங்களுக்காகப் பரிந்து பேசிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அதனால் முடிவாகச் சொல்கிறேன். நீங்கள் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தங்கத் தாள் விடுதிக்கே போங்கள், நிதானமாகச் சாப்பிடுங்கள். மலைக்கு வந்து சிரமப்பட வேண்டாம். கலசம் வைக்க ஆள் இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டு, லிஃப்ட்காரர் கிளம்பும்போது, "கனமான சாமானைத் தூக்குறதுதான் எனக்கு வேலை, ஞாயித்துக்கிழமை லீவுதான், கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். கலசத்தை அவர் வைக்கட்டும். உங்கள் அண்ணன் யார் கையென்று பார்க்கிற ஆள் இல்லை.

உங்கள் மனைவிக்கு என் அன்பையும், மகனுக்கும் மருமகளுக்கும் ஆசியையும், சம்பந்திகளுக்கு வணக்கத்தையும் சொல்லவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்கவும், தின்றதெல்லாம் செரிக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இனி உங்களுக்குக் கடை சொல்லாத அண்ணி
லாய்-கூன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கெண்டி ஆவியில் காட்டிப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் மலை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நமக்குக் கிடைத்த மாடம் சுவரின் உச்சி வரிசையாம், தலைக்கு மேலே. லிஃப்ட்காரர் தடியாக இருக்கிறாரே தவிர என் தோள் உயரம்தான். பிங்குக்கு முட்டி மடங்காது. ஏணி தருகிறார்களாம், ஆனால் செத்தவரென்றால் பயப்படுகிற ஆளிடம் அவரைக் கொடுத்து ஏணியில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. நம் குடும்பத்தில் நெட்டை நீ ஒருத்தன்தான். கடை ஹிங் லோங், விரிப்பைப் பார்த்து நீ முகம் சுளித்த அதே இடம்தான், வழி மறந்திருப்பாய். நம் வீட்டுத் தெருவில் நேராக வந்து, மீன்கடைக்கு எதிர்மாடி, பச்சைக் கதவு. ஏழு மணிக்கு முன்னால் வா, அப்புறம் கோழிக்கால் இருக்காது. சம்பந்திகளையும் கூட்டி வா, மேசை பெரிசுதான். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்தே மலைக்குப் போவோம். முன்பக்கம் எழுதியதை உன் மனைவிக்குப் படித்துக் காட்டாதே.