லண்டன் பாடகிகளும் அண்ணனின் நிச்சயத் தட்டும்

தனக்கு ஒரு விஷயம் தெரியும் என்று நிரூபிக்கத்தான் மனிதர்கள் பாடுபடுவார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை இருநூறு பேர் முன்னால் தெருவில் நின்று நிரூபித்தவள் நான். அன்று நான் அதில் தோற்றிருந்தால் என் அண்ணனின் கல்யாணம் நின்றிருக்கும்.

கோயம்புத்தூரில் மூன்று வருடம் கல்லூரி விடுதியில் இருந்தேன். என் அறைத்தோழி பெரிய பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவள். ஒருநாள் அவள் தன் இயர்போனில் ஒன்றை என் காதில் சொருகினாள். அப்படித்தான் பிரிட்டிஷ் பாடகிகள் என் வாழ்க்கைக்குள் வந்தார்கள். முதலில் வந்தவளுக்கு ஒரு வாரமாகச் சளி பிடித்தது போன்ற கனத்த குரல். அடுத்தவள் குரல் மேலே ஏறிவிட்டால் இறங்கி வர வழி தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூன்றாமவள் பாடவே மாட்டாள், கோபமாகப் பேசுவாள், பின்னால் யாரோ மேளம் அடிப்பார்கள். மூவரும் எனக்கு உயிர். என்ன பாடுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. (தமிழ் மீடியம். ஆனால் மீடியத்தின் மேல் பழி போட முடியாது. என் பக்கத்து பெஞ்சில் இருந்தவள் இப்போது இங்கிலீஷ் விடைத்தாள் திருத்துகிறாள்.)

பாட்டு புரியாவிட்டால் என்ன, பீற்றிக்கொள்ள அது ஒரு தடையா? விடுமுறைக்குத் திண்டுக்கல் வீட்டுக்கு வந்தால் என் அலட்டல் தாங்காது. எண்பதுகளில் பாடியவர்களிலிருந்து போன மாதம் பாடியவர்கள் வரை, எனக்குப் பிடித்த பத்து பிரிட்டிஷ் பாடகிகளை டைரியில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை யாருக்காவது பதவி உயர்வும் யாருக்காவது பதவி இறக்கமும் உண்டு. அண்ணன் ஷேவ் செய்துகொண்டே சினிமாப் பாட்டு போட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாவிடம், "அமெரிக்காக்காரி தொண்டை வேறம்மா, லண்டன்காரி தொண்டை வேற" என்று பாடம் எடுப்பேன். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படியா தாயி" என்பாள்.

அந்த அம்மாதான் பின்னால் என்னை மாட்டிவிட்டாள்.

அண்ணனுக்குப் பழனி ரோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடை. பார்த்த பெண் எங்கள் பக்கத்து ஆத்தூர். அவள் அப்பா தென்னந்தோப்புக்காரர், பெண் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருடம் முன்னால் அந்தப் பெண்ணுக்கு வேறொரு இடத்தில் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அதிலிருந்து பெண்ணின் அப்பா யாரையும் முழுதாக நம்புவதில்லை. பெண் பார்க்கப் போன அன்றே எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. அண்ணனுக்கோ அந்தப் பெண்ணைப் பார்த்த நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது, கடைக்கு வருபவர்கள் போல்ட் கேட்டால் நட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பெண் பார்க்கும் இடத்தில் என்னைப் பற்றியும் பேச்சு வந்தது. பெண்ணின் சித்தி ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்று தெரிந்ததும் அம்மா விடவில்லை. "எம் மகளும் அப்படித்தான். வெள்ளைக்காரிக பாடுறத ஒரு வார்த்தை விடாமச் சொல்லுவா" என்றாள். நான் அடக்கமாகத் தலையாட்டினேன். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை.

எங்கள் பக்கம் நிச்சயத்துக்குத் தட்டு கொண்டுபோவது ஒரு சின்ன ஊர்வலம். பெண்ணின் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டு, தேங்காய், பழம், பூ, புடவை, மோதிரம் என்று இருபத்தொரு தட்டுகளைப் பெண்கள் ஏந்தி நடப்பார்கள். முன்னால் ரேடியோ செட் கட்டிய மினி வேன் பாட்டுப் போட்டுக்கொண்டே ஊர்ந்து போகும். பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்துத் தட்டுகளை வாங்கிக்கொண்டால்தான் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளையின் தங்கை என்ற முறையில் மோதிரத் தட்டு என் கையில். பாட்டுப் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் தரம் என்ன என்று ஆத்தூருக்குத் தெரிய வேண்டாமா?

ரேடியோ செட் முருகேசண்ணன் இந்தத் தொழிலில் முப்பது வருடமாக இருப்பவர். என் பென் டிரைவை வாங்கி ஒரு பாட்டை மெதுவாக வைத்துக் கேட்டார்.

"பாப்பா, இது அழுகுற மாதிரில இருக்கு."

"அழுகை இல்லண்ணே. அவங்க ஸ்டைலே அப்படித்தான்."

"மொதல்ல ஒரு சாமி பாட்டப் போட்டுக்கிருவமே."

"அதத்தான் எல்லாரும் போடுறாங்களே."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத மனிதருக்குக் காதால் கேட்டதும் விளங்கியது, டைரி போட்டு ஆராய்ந்த எனக்கு விளங்கவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. சளிக்குரல்காரி ஆத்தூர்த் தெருவை நிறைத்தாள். ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற டீச்சர் சித்தியின் முகம் மட்டும் நாங்கள் நெருங்க நெருங்க மாறியது. அவர் பெண்ணின் அப்பா காதில் ஏதோ சொன்னார். பெண்ணின் அப்பா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார்.

"செத்த நில்லுங்க. ஆரத்தி எடுக்க வேணாம்."

எங்கள் அப்பா ஒன்றும் புரியாமல், "என்ன சம்பந்தி?" என்றார்.

"இன்னும் சம்பந்தி ஆகல. எம் மகளுக்கு ஒரு தடவ நிச்சயமாகி நின்னது தெரிஞ்சுதான வந்தீக? தெரிஞ்சுக்கிட்டு, ஊரக் கூட்டி இப்படிப் பாட்டுப் போட்டுக் குத்திக்காட்டுறீகளே, இது நல்லாருக்கா?"

சித்தி விளக்கினார். அந்தப் பாட்டில், கல்யாணம் பேசி ஏமாற்றியவனைப் பார்த்து ஒருத்தி, மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலோடு போ என்கிறாளாம். மோதிரத் தட்டோடு வாசலில் நின்றிருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள். அப்பா முருகேசண்ணனைப் பார்த்தார். முருகேசண்ணன் ஒரு விரலை என் பக்கம் நீட்டி, "பாப்பா குடுத்தது" என்றார். அண்ணன் அய்யலூர் சந்தைக்கு வந்த ஆடு மாதிரி நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். என் அலட்டலுக்கு இவன் வாழ்க்கையா விலை என்று முதல்முறையாகப் பயந்தேன்.

"எனக்கு அர்த்தம் தெரியாது மாமா" என்றேன்.

"ஒரு வார்த்தை விடாமச் சொல்லுவான்னு உங்கம்மா சொல்லயில தலையத் தலைய ஆட்டுனியே?"

அம்மா புடவைத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். என் பேச்சை யாரும் நம்பவில்லை. கடைசியில் சித்திதான், "இருங்க அத்தான், கேட்டுப் பாத்துருவோம்" என்று முன்னால் வந்தார். முருகேசண்ணனிடம் பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"இந்த வரிக்கு என்னம்மா அர்த்தம்?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நடிப்பு என்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கதவுன்னு வருது. கதவு தெறந்துருக்கு, உள்ள வாங்கன்னு வரவேற்குறாங்க."

"கதவச் சாத்திட்டுப் போங்குறா. அடுத்தது?"

"மோதிரம்னு வருது. அப்ப நிச்சயதார்த்தப் பாட்டுதான் டீச்சர்."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். சித்தி அடுத்த பாட்டுக்குப் போனார். அது என் டைரியில் மூன்று மாதம் முதலிடத்தில் இருந்த பாட்டு.

"மழை பெய்யுதுன்னு பாடுறாங்க" என்றேன். "மழை பெஞ்சு, விவசாயம் செழிச்சு..."

"அழுது அழுது கண்ணு வத்திப்போச்சுங்குறா."

அவ்வளவுதான். வேனுக்குப் பின்னால் நின்றவர்கள்வரை சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மேலே, வீட்டுக்குள் ஜன்னலிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி வெடித்த சிரிப்பு. பெண்ணின் அப்பா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தலையெழுத்தை ஊரறியச் சொன்னார்.

"இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியல. ஆரத்தி எடுங்க."

என் கையிலிருந்த மோதிரத் தட்டை அவரே முன்னால் வந்து வாங்கிக்கொண்டார். முருகேசண்ணன் யாரையும் கேட்காமல் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையார் பாட்டைப் போட்டார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடமாகிறது. காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் என்று எங்கே பாட்டுச் சத்தம் கேட்டாலும் ஆத்தூர் மாமா கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "அர்த்தம் பாத்தாச்சா தாயி?" என்று கேட்பார். என் கல்யாணத்தில் என் கணவரிடமும் முதலில் அதைத்தான் சொன்னார். முருகேசண்ணன் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு என் கதையைச் சொல்லித்தான் வேலையே ஆரம்பிக்கிறாராம்.

போன பொங்கலுக்கு, அன்று ஜன்னலில் சிரித்த என் மதினியோடு உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு உங்களுக்குக் கோவமே வரலையா மதினி?"

"கோவமா? மொதப் பாட்டக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த மொத நிச்சயம் நின்னுபோன பெறகு ரெண்டு வருசமா நான் போட்டுப் போட்டுக் கேட்ட பாட்டு அது. நமக்காகப் பாத்துப் போட்டுருக்காக, நம்ம மனசு தெரிஞ்ச ஒரு ஆளு அந்த வீட்டுல இருக்கு, தைரியமாக் கழுத்த நீட்டலாம்னு அப்பத்தான் முழுசா முடிவு பண்ணுனேன். அஞ்சு நிமிசம் ஆகல, நீ விவசாயம் செழிக்கும்னு சொன்ன."

நான் கரும்பைக் கீழே வைத்தேன். "அப்பறம் ஏன் சம்மதிச்சீக?"

மதினி சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அதுக்குள்ள எங்கப்பா தட்ட வாங்கிட்டாரே."