லைன் முனைக் கெளுத்தி

கோலார் தங்கவயல் பாலகாட்டில் எங்கள் லைன், சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள். லைன் முனையில் குடிநீர்க் குழாய் உடைந்து ஆறு வருடம். வீட்டுக் குழாயில் காற்று வரும். தண்ணீர் தெருவில் குட்டையாக நிற்கும். பத்தொன்பது மனு கொடுத்தோம். ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

போன மழையில் ஏரி வழிந்தது. விரல் நீளக் கெளுத்திகள் நாலைந்து குட்டையில் வந்து சேர்ந்தன. சேறு, கல், கோரைப்புல் எல்லாம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டன. யாரோ போனில் படம் எடுத்துப் போட்டார்கள். மறுநாளே கோலாரிலிருந்து மூன்று ஜீப்.

இறங்கியவர் வாழிட அதிகாரி ரவிகுமார். குட்டைக்குள் கைவிட்டு ஒன்றைப் பிடித்தார். முள் குத்தியது. "ஐயோ!" என்று உதறிவிட்டு, 'அழிந்துவரும் அசல் கெளுத்தி என ஆய்வில் உறுதியானது' என்று எழுதினார்.

பக்கத்து வீட்டு ஞானசுந்தரி குடத்தோடு வந்தாள். மூன்று லைன் தள்ளிப் போய்த் தண்ணீர் தூக்குகிறவள்.

"இன்னா சார், கொழாய எப்ப சரி பண்ணுவீங்க?"

"தொடவே கூடாதும்மா. கசிவு நின்னா குட்டை காஞ்சிடும். இது இயற்கை வாழிடம்."

"ஓட்டக் கொழாய் இயற்கையா சார்?"

"துரு தானாத்தானே புடிச்சுது? யாராவது புடிக்க வெச்சாங்களா?"

"அப்ப நாங்க?"

"நீங்க எப்ப வந்தீங்க?"

"எங்க தாத்தாவோட அப்பாவ வேலூர்ப் பக்கத்துல இருந்து கம்பெனிக்காரன் கூட்டியாந்தான்."

'வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம்' என்று எழுதிக்கொண்டார்.

"மீன் கொழம்பு வெப்பீங்களா?"

"சூப்பரா வெப்பேன் சார்."

'ஆபத்தானது' என்று சேர்த்தார்.

வேலி வந்தது. பலகை வந்தது. பெங்களூரிலிருந்து தொப்பிக்காரர்கள் வந்து, சேற்றைப் பார்த்து, "வாவ்" என்றார்கள். கோடையில் குட்டை வற்றத் தொடங்கியது. உடனே வாரம் மூன்று டேங்கர். நல்ல தண்ணீர். மீனுக்கு உப்புத் தண்ணீர் ஆகாதாம்.

ஞானசுந்தரி குடத்தை நீட்டினாள்.

"மீனுக்கும்மா இது," என்றான் டிரைவர்.

"மீன் குடிச்ச மிச்சத்தக் குடு."

குடம் நிறைந்தது. அப்புறம் எல்லா வீட்டுக் குடமும் நிறைந்தது. குழாய்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கெளுத்திப் பாதுகாப்புக் கமிட்டி போட்டோம். நான் தலைவர். ஞானசுந்தரி செயலாளர். ராபர்ட்சன்பேட்டையில் ரப்பர் ஸ்டாம்ப்கூட செய்தாகிவிட்டது.

நேற்று பக்கத்து லைன் தங்கவேலு பக்கெட்டோடு வந்தான். அவர்களுக்கும் குழாய் உடைந்து நாலு வருடம்.

"அண்ணா, ரெண்டே ரெண்டு கெளுத்தி குடுங்கண்ணா. எங்களுக்கும் டேங்கர் வரட்டும்."

"எழுதிக் குடு. மூணு காப்பி."

"ஆதார் ஜெராக்ஸும் கேளுங்க!" உள்ளிருந்து செயலாளர் கத்தினாள்.

தங்கவேலு எல்லாம் கொண்டுவந்தான். வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"தலைவர் வெளியில போயிருக்காரு. திங்கக்கெழம வா."

"தலைவர் நீங்கதானேண்ணா?"

"ஆமா. திங்கக்கெழம வா."