இடது பக்கம் மட்டும் பார்த்து வாங்கிய பேலர்

மாப்பிள்ளையாக இருப்பதில் சுகங்கள் பல. குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும், மீன் குழம்பில் நடுத்துண்டு நம் இலைக்கு வரும், மின்விசிறி நம் பக்கமே திரும்பி நிற்கும். ஆனால் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. நாம் எவ்வளவு மடத்தனம் செய்தாலும் அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எட்டு வருடம் அந்தப் பாதுகாப்பில் சொகுசாக இருந்தவன் நான். வைக்கோல் கட்டும் பழைய மிஷின் ஒன்று என்னை வெளியே இழுத்துப் போட்டது.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். (ஒரு பெட்டி மூடியில் நாலைந்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மீதியும் நன்றாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) குடியிருப்பது மூலக்குளத்தில். மனைவி கவிதாவின் வீட்டார் வில்லியனூருக்கு அப்பால் நெல் பயிரிடுகிறவர்கள். கூடவே மாடுகளும் உண்டு. மாடுகள் முழுக்க மாமியாரின் ராஜ்ஜியம்.

அந்த மாமியார் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் இல்லை, மரியாதை. அவர்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசக் கூடாது. இரண்டடி தூரத்தில் நான் இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன். "கவிதா, அவர சாப்புட சொல்லு" என்பார். கவிதா இல்லாத நேரத்தில் சுவரிடம் சொல்வார். "தண்ணி வெச்சிருக்கு" என்று பொதுவாக ஓர் அறிவிப்பு வரும். எடுத்துக் குடிப்பது என் சாமர்த்தியம்.

அந்த மிஷின் வருவதற்கு முந்தைய அறுவடையில் ஒரு சோகம் நடந்துவிட்டது. அறுவடை மிஷின் வைக்கோலை வரிசை வரிசையாக வயலில் போட்டுவிட்டுப் போனது. அதைக் கட்டுகளாகக் கட்டித் தர பேலரை வாடகைக்குச் சொல்லியிருந்தார்கள். பேலருக்கு முன்னால் மழை வந்துவிட்டது. வைக்கோல் கறுத்துப் போனது. மாடுகள் முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. தீவனத்துக்கு அலைந்து பார்த்து, முடியாமல், எட்டு மாடுகளில் இரண்டை விற்றார்கள். அன்று மாமியார் சாப்பிடவில்லை.

நான் விடுவேனா? "அடுத்த தடவ சொந்த பேலர். நான் பாத்து வாங்கித் தரேன் மாமா. மிஷின்ல நமக்குத் தெரியாததா?" என்றேன். (நான் அதுவரை கழற்றி மாட்டிய ஒரே மிஷின் மிக்ஸி. அதுவும் மாட்டியது வேறு ஆள்.)

எங்கள் கம்பெனிக்குப் பின்னால் காதர் பாய் பழைய விவசாய இயந்திரங்களை வாங்கி விற்கிறார். அவரிடம் இரண்டு சதுரக் கட்டு பேலர்கள் நின்றன. ஒன்று துருப்பிடித்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. இன்னொன்று புது சிவப்புப் பெயிண்டில் கல்யாணப் பெண்ணாக ஜொலித்தது. என் கண் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பெயிண்ட்ட பாக்காதீங்க தம்பி. கயித்த மாட்டி, சக்கரத்த கையால சுத்துங்க. ரெண்டு பக்கமும் முடிச்சு வுழுதா பாருங்க. முடிச்சு போட்டாதான் அது பேலரு" என்றார் பாய்.

இடது பக்கம் மட்டும் கயிற்றை மாட்டிச் சுற்றினேன். அழகான முடிச்சு விழுந்தது. சக்கரம் கனமோ கனம். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"வலது பக்கம்?"

"ஒண்ணு பாத்தா போதும் பாய். எங்க வேலையில இதுக்கு சாம்பிள்னு பேரு."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவங்க" என்றார். (பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

வைக்கோல் கட்டும் நாள் வந்தது. பேலருக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, என் மச்சினன் சேகர் டிராக்டரைக் கிளப்பினான். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. முதல் கட்டு வெளியே வந்தது. இடது பக்கம் முடிச்சு கச்சிதம். வலது பக்கம் முடிச்சே இல்லை. கட்டு விசிறியாக விரிந்து தரையில் கொட்டியது. இரண்டாவதும் அப்படியே. சேகர் இஞ்சினை நிறுத்தினான்.

கையில் ஸ்பானரோடு இறங்கினேன். பேலரின் பின்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு திருகுக் கைப்பிடிகள் இருந்தன. கட்டை இறுக்கமாக அழுத்துவதற்கானவை. வலது பக்கம்தானே அவிழ்கிறது? வலது கைப்பிடியை நாலு சுற்று இறுக்கினேன்.

"சரியா வரும்ல மாமா?" என்று கேட்டேன்.

"மாப்ள செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமனார், வானத்தைப் பார்த்தபடி.

அடுத்த கட்டு வளைந்து வந்தது. "மாமா, இது வாழப்பழம் மாதிரி..." என்று ஆரம்பித்த சேகர், அப்பாவின் முறைப்பைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்று முடித்தான். முடிச்சு இன்னும் விழவில்லை. இறங்கி மறுபடி இறுக்கினேன். அதற்கடுத்த கட்டு எனக்கு வணக்கம் வைப்பது போலக் குனிந்து வந்து, அவிழ்ந்து விழுந்தது.

கவிதா டீ எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். வரப்பில் மாட்டோடு நின்ற மாமியார் பேச ஆரம்பித்தார்.

"இன்னா லச்சுமி, ஒரு கயிறு வெறப்பா வருது, ஒண்ணு தொளதொளன்னு வருது. கயிறு வர்ற எடத்த பாக்காம பின்னாடி போயி திருகினா ஆவுமா?"

மாட்டோடு எவ்வளவு பிரியமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வானம் வேற இருட்டிக்கினு வருது லச்சுமி. போன தடவ ரெண்டு போச்சு. இந்த தடவ நீயும் போவப் போறியா?"

நான் ஒரு இரும்புக் குழாயைத் தேடி எடுத்து, வலது கைப்பிடியில் செருகி, பலம் கொண்ட மட்டும் திருகப் போனேன். முதல் தூறல் பிடரியில் விழுந்தது.

"யோவ்! நிறுத்துய்யா! கைய எடு அதுலேர்ந்து!"

இஞ்சின் ஓடாத அமைதியில் அந்தக் குரல் நாலு வயல் தாண்டிக் கேட்டிருக்கும். மாமனாரின் தோளிலிருந்து துண்டு நழுவியது. எனக்கு யார் பேசியது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

மாமியார் கையில் அரிவாளோடு வந்தார். (அந்த ஒரு நொடி என்னவெல்லாமோ நினைத்தேன்.) என்னைத் தாண்டி நேராகக் கயிற்றுப் பெட்டிக்குப் போனார்.

"இங்க பாரு. கயிறு இந்தத் தகடுக்கு அடியில வருது. ஸ்பிரிங்கு தகட்ட அழுத்தினாதான் கயிறு வெறப்பா போவும். இந்தப் பக்கம் ஒன் அழகு பெயிண்ட்டு காஞ்சி, தகடு தூக்கினாப்புல ஒட்டிக்கினு இருக்கு. கயிறு லூசா போனா முடிச்சு எப்பிடி வுழும்? சட பின்னத் தெரிஞ்ச யாருக்கும் தெரியுமேய்யா இது!"

அரிவாள் முனையால் பெயிண்டைச் சுரண்டினார். தகடு டக்கென்று இறங்கிக் கயிற்றைப் பிடித்தது. "பின்னாடி ரெண்டு கைப்பிடியும் ஒரே அளவா வெய்யி" என்றார். வைத்தேன்.

அடுத்த கட்டு செங்கல் போல நேராக வந்தது. இரண்டு பக்கமும் முடிச்சு. தூறலோடு போட்டி போட்டுக்கொண்டு கட்டினோம், ஓடி ஓடிக் கொட்டகையில் அடுக்கினோம். கடைசி இரண்டு வரிசை நனைந்தது. மற்றதெல்லாம் காய்ந்த வைக்கோலாகவே உள்ளே போய்ச் சேர்ந்தது. ஆறு மாடுகளும் வீட்டிலேயே இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் மாமியாருக்குத் தான் செய்தது உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போய் நின்றார். மாமனார், "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க..." என்று தடுமாறினார்.

"அத்தை சொன்னது சரிதானே மாமா" என்றேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு வருடம் அந்த வீட்டில் நான் விருந்தாளி. அன்றைக்குத்தான் என்னைத் திட்டும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள்.

அன்று உடைந்த மடை இன்று வரை அடைபடவில்லை. 'யோவ்' போய் 'வாங்க போங்க' வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். சாப்பிட்டாயிற்றா, ஹெல்மெட் போட்டீர்களா என்று கம்பெனிக்கே போன் வருகிறது. நடுவில் கவிதாவுக்கு வேலையே இல்லை.

போன மாதம் சேகருக்குப் பெண் பார்த்தோம். சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் கூடியிருக்க, நான் காலை நீட்டி உட்கார்ந்து, "பொண்ணு வீட்ட பத்தி நல்லா விசாரிச்சிட்டேன். தங்கமான குடும்பம்" என்றேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பக்கமும் பாத்தீங்களா மாப்ள?"

கூடமே சிரித்தது. மாமனார் கூட. நான் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினேன். பெண்ணின் அப்பா பக்கம் மட்டும்தான் விசாரித்திருந்தேன்.