டெமரேஜ் அக்காவின் லண்டன் கணக்கு

லண்டனில் கணவன், மனைவி, இரண்டு வயதுப் பிள்ளை என்று மூன்று பேர் குடும்பம் நடத்த மாதம் எவ்வளவு ஆகும்? பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அங்கே இருக்கும் என் கணவரின் நண்பர் ஒரு தொகை சொன்னார். அவர் மனைவி தனியாக என்னை அழைத்து, "அவர் சொல்றதைக் கேக்காதீங்க, அவர் கடைக்கே போறதில்லை" என்று அதைவிட இரண்டு பங்கு சொன்னார். யூடியூபில் ஒருவர் எல்லாவற்றையும் பாதிச் செலவில் முடித்துவிடலாம் என்கிறார். அவருக்குப் பிள்ளை இல்லை. இன்னொருவர் அழாத குறையாகப் பேசுகிறார். அவருக்கு மூன்று.

தூத்துக்குடி முழுக்க இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்ன ஒரே ஆள் டெமரேஜ் அக்காதான். வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போகாதவர். பாஸ்போர்ட்டே இல்லாதவர். ஆனால் உலகத்தில் அவருக்குச் செலவு தெரியாத ஊரே கிடையாது.

துறைமுகத்துக்குப் போகிற வழியில், கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் அக்காவுக்கு வேலை. போன மாதம் வரை நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். கப்பலில் வந்த சரக்கை இத்தனை நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. அதுவரை ஃப்ரீ. தாண்டினால் நாளுக்கு நாள் ஏறும் தண்டம். அதைத்தான் டெமரேஜ் என்பார்கள். அந்தத் தண்டம் விழாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. ஆயுசு முழுக்க அதையே பார்த்ததில், தண்டம் விழாத பொருள் பூமியில் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால் பரிமாறுகிறவரைக் கையைக் காட்டி நிறுத்துவார். "அண்ணாச்சி, ஃப்ரீ டைம் முடிஞ்சிட்டு. இனிமே நிமிசத்துக்கு ஒரு வடை." சொன்னபடி வசூலும் செய்வார்.

எனக்குப் பிரசவ தேதி தாண்டியும் வலி வரவில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அக்கா வந்தார். என்னிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. நேராக வயிற்றருகே குனிந்தார்.

"ஏ, உள்ள இருக்கது யாருன்னு தெரியல. ஒனக்குக் குடுத்த நாளு முடிஞ்சாச்சு. தண்டம் ஏறிக்கிட்டு இருக்கு. ஒங்கம்மா கட்ட மாட்டா. மரியாதையா வெளிய வா."

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். மறுநாள் காலை மகள் பிறந்தாள். அதைத் தான் முடித்துக் கொடுத்த கிளியரன்ஸ் என்றுதான் அக்கா இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

என் கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்த செய்தியை நான் சொன்னதுமே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"லண்டனா? நல்ல ஊருதான். பேப்பர் சரியா இருந்தா கேள்வி கேக்க மாட்டான். மதுரை, பாரிசு மாதிரி ஊருக்குத்தான் போவக் கூடாது. ரெண்டுலயும் கடல் கெடையாது. லாரிக்குக் குடுத்தே அழிஞ்சிருவோம்."

பிறகு எங்கள் குடும்பத்தை வகை பிரித்தார்.

"ஒன் மாப்பிள்ளை சாதா சரக்கு. தார்ப்பாய் போட்டு மூடிட்டா எங்கன வச்சாலும் கெடக்கும். பிள்ளை அப்படி இல்ல. அது இறால் கண்டெய்னர் மாதிரி. எந்நேரமும் கரண்டுல செருகியே வச்சிருக்கணும். இறாலுக்குக் குளிரு, இவளுக்குச் சூடு. மொதல்ல கரண்டு பில்லுக்கு ஒதுக்கு."

"நான் எதுலக்கா வாரேன்?"

"நீ பேக்கிங். அதுக்குத் தனியாக் கணக்கு கெடையாது."

அன்று முழுவதும் இது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மளிகைக்கு வந்தபோது உப்புக்கு எவ்வளவு போடலாம் என்று கேட்டுவிட்டேன். அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்பை நீ காசு குடுத்து வாங்குவியா? தூத்துக்குடியில பொறந்துட்டு? எவனாவது பாத்தா நம்ம ஊரைப் பத்தி என்ன நெனைப்பான்?"

மறுநாளே தெரிந்தவரின் உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை வந்தது. அதனுடன் கருவாடும் உடன்குடிக் கருப்பட்டியும் வந்தன. என் கணவர் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து எடை போட்டுப் பார்த்தார். மகளின் ஸ்வெட்டருக்கு இடமில்லை. "ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டே ஏறட்டும்" என்றார் அக்கா.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறொரு யோசனை அவருக்கு வந்தது. ஒரு வாரம் தூத்துக்குடியிலேயே லண்டன் விலைக்கு வாழ்ந்து பார்க்க வேண்டும். டீ குடித்தால் கடைக்காரருக்கு உள்ளூர்க் காசு. லண்டன் விலைக்கு மிச்சம் எவ்வளவோ அது வீட்டிலுள்ள டப்பாவுக்கு. லண்டனில் எங்கள் இரண்டு பேருக்கும் வரக்கூடிய சம்பளத்துக்கு ஏற்ப ஒரு வாரத் தொகையை எடுத்து வைக்க வேண்டும். வாரக் கடைசியில் அது மிஞ்சினால் குடும்பத்தோடு போகலாம், மிஞ்சாவிட்டால் யோசிக்கலாம். நானும் படித்தவள்தான். ஏன் தலையாட்டினேன் என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கும்போது யாராவது உறுதியாகப் பேசினால் நான் தலையாட்டிவிடுகிறேன்.

அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் சீலா மீன் வாங்கவில்லை. ஒரே வாழைப்பழத்தை மூன்றாக வெட்டிச் சாப்பிட்டோம். மகளுக்குப் பெரிய துண்டு. அக்கா தினமும் சாயங்காலம் டப்பாவைக் குலுக்கிப் பார்க்க வருவார். வாரத்தின் நடுவில் என் கணவர் "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று செருப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவரைக் கையோடு பிடித்துக்கொண்டு அக்கா வந்து நின்றார். கணவரின் விரல்களில் சால்னா.

"ஏலே தம்பி, புரோட்டாக் கடையில மறைவா ஒக்காந்திருக்க. இது எந்த லண்டன்?"

"பசிச்சுதுக்கா."

"பசிக்கட்டும். எத்தனை புரோட்டா?"

"ரெண்டு."

"எலையைப் பாத்துட்டுத்தான் வாரேன். நாலுக்குப் போடு."

நாலு புரோட்டாவுக்கு லண்டன் விலையைப் போட்டதில், ஆத்தூரில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு அரிசி வாங்கியிருக்கலாம். ஆனாலும் வாரக் கடைசியில் பணம் மிஞ்சியது. எங்களுக்கே நம்ப முடியவில்லை. அக்கா அலுவலகம் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்து, நாங்கள் மூன்று பேரும் கிளியர் ஆகிவிட்டோம் என்று அறிவித்தார்.

அன்று மாலை லண்டன் நண்பருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில்தான். எங்கள் கணக்கை முழுவதும் கேட்டுவிட்டு அவர் மனைவி நிதானமாகக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பாப்பாவை யார் பாத்துக்குவா?"

இங்கே நான் வேலைக்குப் போகும்போது மகளை எங்கள் அம்மா பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்கு முடியாத நாளில் பக்கத்து வீட்டுச் சித்தி. சித்திக்கும் முடியாவிட்டால் அடுத்த வீடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் காசு கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை. அதற்கு விலை உண்டு என்ற நினைப்பே அந்த ஒரு வாரமும் எங்கள் யாருக்கும் வரவில்லை. போனில் நண்பரின் மனைவி அந்த விலையைச் சொன்னார். என் சம்பளம் என்று நாங்கள் போட்டிருந்த தொகை அப்படியே அதற்குப் போய்விட்டது.

டெமரேஜ் அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அதைக் குலுக்கிப் பார்க்கவில்லை.

பிறகு எல்லாரும் நியாயமாகப் பேசினார்கள். "மொதல்ல அவன் மட்டும் போவட்டும். நீயும் பிள்ளையும் ரெண்டு வருசம் கழிச்சுப் போங்க" என்றார் மாமியார். அம்மாவும் அதையேதான் சொன்னார். கணவர் பெட்டிமேல் கிடந்த மகளின் ஸ்வெட்டரை எடுத்து அலமாரியில் வைத்தார். இரண்டு வருடத்தில் அவளுக்கு நான்கு வயதாகிவிடும். அப்பாவைப் போனில் பார்த்துப் பழகியிருப்பாள். ஆனால் பணம் போதாதே. எது சரி என்று எனக்குப் புரியவில்லை. எத்தனை பேர் வருகிறோம் என்று திங்கட்கிழமை கணவர் லண்டன் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அந்தச் சேலையோடே அக்கா வந்தார். என் மாமியாரும் இருந்தார். அக்கா உட்காரவே இல்லை.

"பிள்ளையைப் பாத்துக்க நான் வாரேன். எனக்குச் சம்பளம் வேண்டாம். ஒரு மூலை போதும்."

"ஒங்க வீட்டுக்காரரை யாரு பாப்பா?" என்றார் மாமியார்.

அக்காவின் கணவர் கப்பல்காரர், ஆயுசு முழுக்கக் கடலிலேயே வேலை பார்த்தவர். போன வருடம்தான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தார்.

"அவரா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் இல்லாமத்தான் சாப்பிட்டாரு. இப்பவும் சாப்புடுவாரு." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "காசு நல்லாத்தான் வந்துச்சு மதினி. வீடு கட்டினோம், மூணு பிள்ளைய படிக்க வச்சோம். இப்போ ரெண்டு பேரும் ஒரே சோபாவுல ஒக்காந்திருக்கோம். என்ன பேசன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. டிவி மட்டும் ஓடுது. இந்தப் பிள்ளையளுக்கு அது வேண்டாம்."

மாமியார் எழுந்துபோய் அந்த ஸ்வெட்டரை அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். திங்கட்கிழமை என் கணவர் கம்பெனிக்கு மூன்று பேர் வருகிறோம் என்று எழுதினார். செவ்வாய்க்கிழமை டெமரேஜ் அக்கா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்.

அதன் பிறகுதான் விசாவைப் பற்றி விசாரித்தோம். முதலில் விசாரித்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் தினமும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். அக்கா சுற்றிப் பார்க்க வரலாம், சில மாதம் இருக்கலாம். எங்களோடு தங்கிப் பிள்ளை பார்த்துக்கொள்ள விசா கிடையாது. மகளை நானே பார்த்துக்கொள்வதென்று, அங்கே வேலை தேடுவதை இப்போதைக்கு விட்டுவிட்டேன். கணவரின் ஒரு சம்பளத்தில், ஒற்றை அறை வீட்டில், மூன்று பேரும் சேர்ந்தே போகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது. பயம் போகவில்லை.

அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவருக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கியிருக்கிறார். தூத்துக்குடி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே போய்ப் பழகுகிறார். சாயங்காலங்களில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, விமானத்தில் சன்னல் பக்கம் உனக்கா எனக்கா என்று அவளோடு சண்டை போடுகிறார். நேற்று மகள் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் தாமதமாக எழுதினாலும் பரவாயில்லை.