நான்கு ராஜாக்களும் நரியின் மச்சான்களும்

ஒரு காட்டில் கோடைக்கு நிழல் தர ஒரே ஒரு இலுப்பை மரம்தான் மிச்சமிருந்தது. மற்ற மரங்களெல்லாம் காட்டு வளர்ச்சித் திட்டத்தில் போய்விட்டன. அந்த ஒரு மரத்து நிழலைத்தான் விலங்குகள் பங்கு போட்டுக்கொண்டு காலம் தள்ளின. எருமை வடிவுக்குப் பெரிய பங்கு, ஏனென்றால் உடம்பு அப்படி. கரடி துரைராசுக்கு நடுத்தரப் பங்கு. முயல் பூங்கோதைக்கு ஒரு மூலை. நரி சிகாமணிக்குக் கிடைத்தது மேற்கு ஓரம். மத்தியானம் சாய்ந்ததும் அங்கே வெயில் வந்து வாலைச் சுடும்.

சிகாமணி படித்த நரி. ஆற்றுக்கு அக்கரையில் சிறுத்தைகள் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவதைக் கைபேசியில் பார்த்துப் பார்த்தே அந்த ஆட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தது. எதிரியின் முகத்தைப் படிப்பது எப்படி, கையில் ஒன்றுமே இல்லாதபோது எல்லாம் இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றிப் பயமுறுத்துவது எப்படி, எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் சிறுத்தைகளோடு போய் உட்கார முடியாது. அங்கே தோற்றவரைச் சாப்பிட்டுவிடுவார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டிலேயே ஆட்டம் வைப்பது என்று முடிவு செய்தது.

"அவங்களுக்குச் சீட்டைப் பிடிக்கவே தெரியாதே" என்றது அதன் மனைவி அமராவதி.

"அதனாலதான் கூப்பிடுறேன்" என்றது நரி. "சாயங்காலத்துக்குள்ள மரம் மொத்தமும் நம்மளுது. நீ சுண்டல் மட்டும் போடு."

விருந்தாளிகள் வந்தார்கள். புளியங்கொட்டை வைத்து ஆடுவது, ஒரு கொட்டைக்கு ஒரு நாள் நிழல் என்று பேசிக்கொண்டார்கள். நரி விதிகளைச் சொன்னது. ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரே மாதிரிச் சீட்டுகள் எவ்வளவு சேருகிறதோ அவ்வளவு உயர்வு. உயர்ந்த சீட்டு வைத்திருப்பவருக்குக் குவியல் முழுவதும். பயமாக இருந்தால் நடுவிலேயே சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொள்ளலாம்.

"எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டது எருமை.

"போகப் போகத் தெரியும் அக்கா" என்றது நரி பணிவாக.

முதல் ஆட்டத்தில் நரிக்கு உதவாத சீட்டுகள். சந்தோஷமாயிற்று. பாடத்தில் படித்தபடி முதுகை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, ஒரு கை நிறையக் கொட்டையை அள்ளிப் போட்டது. முயல் கவிழ்த்துவிட்டது. கரடியும் கவிழ்த்துவிட்டது. எருமை அசைபோட்டுக்கொண்டே அதே அளவு கொட்டையைத் தள்ளியது.

நரி இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டது. எருமையும் போட்டது.

"அக்கா, யோசிச்சுதான் போடுறீங்களா?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. என்னதான் இருக்குன்னு பாத்துட்டே போயிடுவோம்."

சீட்டைத் திருப்பினார்கள். எருமையிடம் ஒரு ஜோடி ரெண்டு இருந்தது. நரியிடம் அதுகூட இல்லை.

"வெறும் ரெண்டை வச்சுக்கிட்டு எப்படிக்கா கடைசி வரைக்கும் வந்தீங்க?" என்று கேட்டது நரி.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுப்பா. பிரிக்க மனசு வரல."

அடுத்த ஆட்டத்தில் நரி முகங்களைப் படிக்கத் தொடங்கியது. கை நடுங்கினால் நல்ல சீட்டு வந்திருக்கிறது என்று பொருள். முயலின் கை நடுங்கியது. உடனே நரி கையிலிருந்த நல்ல ஜோடியைக் கவிழ்த்துவிட்டது. முயல் ஒன்றுமில்லாத சீட்டோடு குவியலை அள்ளிக்கொண்டது. முயலுக்குப் பிறந்ததிலிருந்தே கை நடுங்கும் என்பது அப்புறம்தான் நரிக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் கரடி சீட்டைப் பார்த்ததும், "அடேயப்பா! எனக்கு மூணு பத்து வந்திருக்கு" என்று சத்தமாகச் சொன்னது.

நரி சிரித்துக்கொண்டது. எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. உண்மையிலேயே மூன்று பத்து வைத்திருப்பவன் வாயைத் திறப்பானா? கொட்டைகளைக் குவித்தது. கரடி சீட்டை விரித்தது. மூன்று பத்து இருந்தது.

"சொன்னேனே சிகாமணி" என்றது கரடி வருத்தத்தோடு. உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

நரி எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தது. தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது. பயமுறுத்துவதென்றால் எதிரிக்குப் பயப்படத் தெரிந்திருக்க வேண்டும். இவர்களிடம் வித்தை காட்டக் கூடாது. நல்ல சீட்டு வரும்வரை பேசாமல் கவிழ்த்துக்கொண்டே இருந்து, வந்ததும் அடிக்க வேண்டும். எப்படியும் எருமை கடைசிவரை கூடவே வரும்.

பொறுமையாக இருந்தது. சுண்டல் தீர்ந்தது. வெயில் சாய்ந்தது. கடைசியில் அந்தச் சீட்டுகள் வந்தன. நான்கு ராஜா.

நரி முகத்தில் எதையும் காட்டாமல், மிச்சமிருந்த கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளி, "என் மேற்கு ஓரத்தையும் சேத்து வைக்கிறேன். இந்தக் கோடை முழுசுக்கும்" என்றது.

"நானும்" என்றது எருமை. "என் பங்கு முழுசும்."

கரடியும் முயலும் விலகிக்கொண்டன. நரி ஒவ்வொரு சீட்டாக மெல்ல விரித்தது. ராஜா. ராஜா. ராஜா. ராஜா. எருமை தன் சீட்டுகளை விரித்தது. ஒரு ராணி, எட்டு, ஐந்து, மூன்று, ரெண்டு.

நரி குவியலை நோக்கிக் கை நீட்டியது.

"இருப்பா" என்றது கரடி. "ஒரு காட்டுக்கு எதுக்கு நாலு ராஜா? அடிச்சுக்கிட்டே சாவாங்களே. இங்க பாரு, அக்கா கையில ஒரு தாயும் நாலு குட்டியும். பாக்கவே நிறைவா இருக்கு."

"ஆமாம் மாமா" என்றது முயல். "எனக்கும் அதுதான் ஒசத்தியாத் தெரியுது."

"ஆட்டத்தோட விதி அப்படி இல்ல!" நரி கைபேசியை எடுத்து நீட்டியது. "பாருங்க, இதுலயே போட்டிருக்கு."

"அது உன் போனு. அதுல உனக்குச் சாதகமாத்தானே போட்டிருக்கும்" என்றது கரடி. "எதுக்குச் சண்டை? கை தூக்குவோம்."

மூன்று கைகள் எருமைக்கு ஆதரவாக எழுந்தன. நரி ஒரு கையைத் தூக்கியது. பிறகு இரண்டாவது கையையும் தூக்கிப் பார்த்தது. செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து சிகாமணி வெட்டவெளியில் கிடந்தது. நாக்கு தரையைத் தொட்டது. அமராவதி முகம் கொடுத்துப் பேசவில்லை. வெயிலில் படுத்து யோசித்ததில் நரிக்கு அந்த ஆட்டத்தின் உண்மையான நுணுக்கம் விளங்கியது. எழுந்து மாமனார் ஊருக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நரியோடு நான்கு மச்சான்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் சீட்டாடத் தெரியாது. மூத்தவன் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

அந்த வாரம் முழுவதும் முயல் போக்கர் விதிகளை மனப்பாடம் செய்திருந்தது. மானமுள்ள பிராணி. அன்று அதற்கு மூன்று ஒன்பதும் இரண்டு நாலும் வந்தன. நரியிடம் ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து சீட்டுகள். நரி மாமனார் ஊர் நிழலைப் பந்தயம் வைத்திருந்தது, இந்தப் பக்கம் மரம் முழுவதும் பந்தயத்தில் இருந்தது.

"மாமா, இதுக்குப் பேரு ஃபுல் ஹவுஸ்" என்றது முயல் நடுங்கியபடி. "நானே ஜெயிச்சேன். விதியில அப்படித்தான் இருக்கு."

"எந்த விதியில?" என்றது நரி அன்பாக. "எதுக்கும்மா சண்டை? கை தூக்குவோம்."

"எங்க மாப்ளை கையில எல்லாம் வேற வேற சீட்டு. ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம இருக்கு பாருங்க. இதுதான் ஒத்துமை" என்றான் மூத்த மச்சான். ஐந்து கைகள் எழுந்தன. எருமையும் கரடியும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து வெயிலுக்குப் போயின. முயல் மட்டும் விதிகளைச் சொல்லிக்கொண்டே போயிற்று.

இலுப்பை மரத்தடி முழுவதும் நரியின் கைக்கு வந்தது. மச்சான்கள் நால்வரும் கால் நீட்டிப் படுத்தார்கள். உடம்பு வளர்ந்த மச்சான்கள். நரி எங்கே படுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, மூத்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டே, "கை தூக்கிடுவோம் மாப்ளை" என்றான்.

வெட்டவெளியில் எருமை நகர்ந்து நரிக்கு இடம் விட்டது.

நீதி: ஆட்டத்தின் விதிகளைக் கற்பதில் காலத்தை வீணாக்காதீர்கள், அந்த நேரத்தில் மச்சான்களைச் சேருங்கள். வெற்றி நிச்சயம். நிழலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.